மணலில் கட்டிய கயிறு

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் விடியற்காலையில் கடலோரமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு விடுதியின் முன்னால் மணலில் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். காவலர் ஒருவர் வந்து, "இது விடுதிக்குச் சொந்தமான இடம், இதற்கு மேல் போகக்கூடாது" என்றார். அதட்டவில்லை, பணிவாகத்தான் சொன்னார். நானும் திரும்பிவிட்டேன். நண்பரிடம் சொன்னபோது, "காசு கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். நீ வாங்கியிருந்தால் போகிற வருகிறவர்களையெல்லாம் விடுவாயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடற்கரை ஒருவருக்குச் சொந்தமாக முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

நண்பர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே இரவெல்லாம் கூச்சல், காலையில் வாசலில் குப்பி, குப்பை என்றால் யாருக்கும் வேலி போடத்தான் தோன்றும். நான் வாங்கியிருந்தால் எனக்கும் தோன்றியிருக்கும். அதனால்தான் இந்த முடிவை வாங்கியவரின் மனத்துக்கு விடாமல் சட்டம் தன் கையில் வைத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். அவர்கள் காசு கொடுத்தது உண்மை. ஆனால் எதுவரைக்கும் கொடுத்தார்கள்?

பொ.ஆ. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் தொகுக்கப்பட்ட ரோமானியச் சட்டம் காற்று, ஓடும் நீர், கடல் ஆகியவற்றோடு கடற்கரையையும் எல்லோருக்கும் பொதுவானது என்கிறது. குளிர்காலத்தின் மிகப்பெரிய அலை ஏறும் இடம்வரை கரை. அங்கே வலை உலர்த்தலாம், ஒதுங்கக் குடிசை போடலாம், யாரும் தடுக்க முடியாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: வருகிறவர்கள் அங்குள்ள வீடுகளையும் கட்டடங்களையும் தொடக்கூடாது. வீடு உன்னுடையது, கரை எல்லோருடையது. உங்கள் நண்பருக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதி வைத்துவிட்டார்கள்.

கோடு எங்கே என்பதில்தான் பிறகு சண்டை வந்தது. கடல்நீர் தினமும் ஏறி இறங்குவதை ஓதம் என்பார்கள். பல நாடுகளில் சராசரி உயர் ஓதம் தொடும் கோடுதான் எல்லை, அதற்குக் கீழே உள்ள ஈரமணல் பொது. ஓதமோ தினமும் ஓரளவில் ஏறுவதில்லை. அந்த ஏற்ற இறக்கம் நிலவின் போக்கில் ஒரு முழுச் சுற்று முடிய 18.6 ஆண்டுகள் ஆகும். அதனால் அத்தனை ஆண்டுகளின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935இல் சொன்னது. மணலில் நின்று பார்க்கும் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியாது. உங்களைத் தடுத்த காவலருக்கும் தெரிந்திருக்காது. கம்பு நட்டவர்களாவது அளந்து பார்த்தார்களா?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் ஈரமணல் தண்ணீருக்குள் போய்விடும். உலர்ந்த மணலில் கால் வைக்க முடியாதென்றால் கரை பொது என்பதற்குப் பொருளே இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1966இல் நடந்தது உங்களுக்கு நேர்ந்ததைப் போன்றதுதான். கேனன் பீச் என்ற ஊரில் ஒரு விடுதி தன் முன்னாலிருந்த உலர்மணலை விருந்தினருக்கு மட்டும் என்று அடைத்தது. மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே, செடிகொடி தொடங்கும் எல்லைவரை மணலில் மக்களுக்கு உரிமை உண்டு என்று சட்டம் வந்தது. 1969இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதற்குச் சொன்ன காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: வழக்கம். நினைவுக்கெட்டாத காலம் முதல் மக்கள் அந்த மணலைத் தடையின்றிப் புழங்கி வந்திருக்கிறார்கள், அந்தப் புழக்கமே உரிமை.

அதே நாட்டின் மெய்ன் மாநிலத்தில் நேர்மாறு. துறைமேடைகள் கட்ட ஊக்கம் தருவதற்காக 1640களில் குடியேற்ற ஆட்சி போட்ட ஆணை ஒன்று, தாழ் ஓதக்கோடு வரை நிலத்தைக் கரையோரக்காரருக்கே கொடுத்தது. மக்களுக்கு மிஞ்சியது மீன்பிடிப்பு, பறவை வேட்டை, படகுப் போக்குவரத்து. பொழுதுபோக்குக்காகக் கரையைப் புழங்குவது இந்த மூன்றில் அடங்காது என்று 1989இல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படகுத்துறைக்காகப் போட்ட ஆணை, முந்நூற்று நாற்பது ஆண்டு கழித்துப் பிள்ளைகள் மணலில் விளையாடுவதைத் தடுத்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மணலைவிடப் பாதைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். கலிபோர்னியாவின் மார்ட்டின்ஸ் பீச்சில் ஈரமணல் பொது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அங்கே இறங்கும் ஒரே சாலை தனியார் நிலத்தில் போகிறது. முன்பு அதை வைத்திருந்த குடும்பம் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் மக்களை விட்டது. 2008இல் நிலத்தை வாங்கிய செல்வந்தர் பிறகு கதவைப் பூட்டினார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2018இல் அது அவருடைய மேல்முறையீட்டை விசாரணைக்கே எடுக்கவில்லை. மணலில் ஒரு பிடிகூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு பூட்டே போதுமானதாக இருந்தது.

கடல் உயர உயர இது இன்னும் மோசமாகும். தடையில்லாத கரை, கடல் உள்ளே வரும்போது தானும் பின்வாங்கும். வீட்டைக் காக்கச் சுவர் எழுப்பினால் மணலுக்குப் பின்வாங்க இடமில்லை, சுவருக்கும் அலைக்கும் இடையில் கிடந்து கரைந்துபோகும். அந்தப் பட்டைதான் நம்முடையது. சுவர் கட்டுகிறவர் கெட்ட எண்ணத்தில் கட்டுவதில்லை, வீடு இடிவதைப் பார்த்துக்கொண்டு யார் சும்மா இருப்பார்கள்? ஆனாலும் அவர் காப்பாற்றும் வீட்டுக்கான விலையை நடக்க வந்தவர்கள் கொடுக்கிறார்கள்.

2016இல் நியூசிலாந்தில் அவரோவா கடற்கரை விற்பனைக்கு வந்தபோது, ஏறத்தாழ 40,000 பேர் பணம் திரட்டி வாங்கித் தேசியப் பூங்காவுக்குக் கொடுத்தார்கள். படித்தபோது கண் கலங்கியது. கூடவே, கரையை மக்கள் காசு போட்டு மீட்க வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் இருந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் திரும்பி வந்தது தப்பில்லை, அந்தக் காவலரோடு வாதாடுவதும் சரியில்லை, அவர் சம்பளத்துக்கு நிற்கிறவர். ஆனால் விடுதி நிர்வாகத்துக்கு எழுதி, அந்தக் கயிறு எந்தக் கோட்டில் கட்டப்பட்டது, யார் அளந்தது என்று கேளுங்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே பல ஆண்டுகளாக நடப்பவர்கள், படகு ஏற்றுகிறவர்கள் யார் யார் என்று விசாரியுங்கள். அவர்களிடம் பழைய புகைப்படங்கள் இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள், வழக்கத்தை நிரூபிக்க அவைதான் உதவும். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.