ஜிசிஎஸ்இ ஆங்கிலத்தில் 3 வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் ஆண்டு வரை படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்து நேரே இயர் 10-இல் சேர்ந்திருக்கிறீர்கள். இங்கே 16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சையான ஜிசிஎஸ்இக்கு முன் வைக்கும் மொக் (மாதிரி) பரீட்சையில் கணிதத்துக்கு 7, ஆங்கில மொழிக்கு 3 (9தான் உயர்ந்த தரம், 1 கடைசி). இப்படியே போனால் அதற்கு அடுத்த உயர்தர வகுப்பான சிக்ஸ்த் ஃபோர்மில் இடம் கிடைக்காதே, இங்கே பிறந்த பிள்ளைகளோடு நான் எப்படிப் போட்டி போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்கள் வயதில் இடைநடுவே வந்து சேர்ந்தவள்தான். இப்போது என் பிள்ளைகளும் இதே பரீட்சையை எழுதி முடித்துவிட்டார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 3. வந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை இந்தத் தாளில் 3 எடுத்தது நல்ல தொடக்கம், இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நம் ஊர் ஓ.எல். (சாதாரண தர) ஆங்கிலம், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்களுக்கான தாள். ஜிசிஎஸ்இ ஆங்கில மொழி அப்படியல்ல, ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்காக அமைத்தது. நமக்கு ஊரில் தமிழ்மொழியும் இலக்கியமும் பாடம் எப்படியோ, இவர்களுக்கு இது அப்படி. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1980களிலேயே சொல்லிவிட்டார்: பேச்சு ஆங்கிலம் ஏறத்தாழ 2 வருடத்தில் வந்துவிடும், ஆனால் பாட ஆங்கிலத்தில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 வருடம் எடுக்கும் என்று. உங்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், "ஆங்கிலத்தைத் திருத்த வேண்டும்" என்று பொதுவாகக் கிளம்பாமல் இந்தத் தாளைப் படியுங்கள். அதில் எந்த இடத்தில் எத்தனை புள்ளி என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் பாடசாலை எந்தப் பரீட்சைச் சபையின் தாளை எழுதுகிறது என்று கேளுங்கள். ஏகியூஏ என்ற சபையின் தாள் என்றால் இரண்டு தாள், ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் 80 புள்ளி. அந்த 80-இல் 40 வாசிப்புக் கேள்விகளுக்கு, மற்ற 40 நீங்கள் சொந்தமாக எழுதும் ஒரே ஒரு ஆக்கத்துக்கு. பாதிப் புள்ளி உங்கள் கையால் எழுதுவதற்கு, இதைக் கவனியுங்கள். அந்த 40-இல் 24 உள்ளடக்கத்துக்கும் ஒழுங்கமைப்புக்கும், 16 எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம் ஆகியவற்றுக்கும். இங்கே பிறந்த பிள்ளைகள் நிறையப் பேர் இந்தப் பதினாறில்தான் புள்ளியை விடுகிறார்கள் என்பது நான் பார்த்த அனுபவம். முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளியைப் போட்டுக்கொண்டே போவார்கள். இலக்கணத்தை விதியாகப் படித்து வந்த உங்களுக்கு இந்த இடத்தில் உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறது.

வாசிப்புப் பகுதியில் "எழுத்தாளர் மொழியை எப்படிக் கையாள்கிறார்" என்ற வகைக் கேள்வி வரும். புதிதாக வருகிற பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள், ஆனால் இது நமக்குப் புதிதல்ல. ஊரில் கவிதை நயம் எழுதியிருப்பீர்கள் அல்லவா? உவமை இருக்கிறது, உருவகம் இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் தமிழ் ஆசிரியர் விடமாட்டார், அந்த உவமை வாசிக்கிறவரை என்ன செய்கிறது என்று கேட்பார். இங்கேயும் அதற்குத்தான் புள்ளி. பெயர் சொல்லிவிட்டு நிறுத்தினால் மேலே போகாது. விடையை முதலில் தமிழில் யோசியுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை, அப்புறம் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். இரண்டாம் தாளில் 19ஆம் நூற்றாண்டுப் பகுதி ஒன்று வரும், அதில் தெரியாத சொற்கள் இருக்கத்தான் செய்யும், இங்கே பிறந்தவர்களுக்கும் இருக்கும். ஒரு சொல்லில் மாட்டி நின்றுவிடாதீர்கள். ஆங்கில மொழிப் பரீட்சைக்கு இருமொழி அகராதி கொண்டுபோக முடியாது. கணிதம், விஞ்ஞானம் போன்ற பாடங்களுக்குப் பாடசாலை அதை ஏற்பாடு செய்யலாம், பரீட்சைப் பொறுப்பாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

நேரம்தான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய எதிரி. மெதுவாக வாசித்து, வாசிப்புக் கேள்விகளிலேயே ஒன்றேகால் மணி நேரம் கரைந்து, 40 புள்ளி ஆக்கத்தை அவசரமாக அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு வந்து அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனம் பதறும். ஆக்கத்துக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். கேள்விகளை எந்த வரிசையிலும் செய்யலாம், தேவையென்றால் அதையே முதலில் எழுதிவிடுங்கள்.

வகுப்பில் எழுந்து பேசும் பரீட்சையைப் பற்றியும் பயப்படுவீர்கள். அதன் பெறுபேறு சான்றிதழில் தனியாகத்தான் வரும், 9 முதல் 1 வரையான தரத்தோடு சேராது. உச்சரிப்பை நினைத்துத் தூக்கம் கெடுக்காதீர்கள்.

சிக்ஸ்த் ஃபோர்ம் விஷயம். 4 எடுத்தால் சித்தி, 5 என்றால் அதற்கு மேலான உறுதியான சித்தி. சில இடங்கள் 5 கேட்கும், சில 4 போதும் என்னும், ஒவ்வொரு இடத்தின் இணையதளத்திலும் போட்டிருப்பார்கள், ஒன்றை மட்டும் நம்பியிருக்காமல் மூன்று நான்கைப் பாருங்கள். 3-ஓடு நின்றுபோனாலும் படிப்பு நின்றுவிடாது. கல்லூரியில் வேறு பாடங்கள் படித்துக்கொண்டே ஆங்கிலத்தை நவம்பரிலோ அடுத்த கோடையிலோ மறுபடி எழுதலாம், அதைத் தொடர்ந்து படிக்கத்தான் வேண்டும் என்பது விதி. ஆனாலும் இப்போதே 4 எடுப்பது நல்லது, பல பல்கலைக்கழகங்கள் கேட்கும், ஆசிரியராக வர நினைத்தால் கட்டாயம் வேண்டும். சொந்தக்காரர்கள் இங்கே பிறந்த தங்கள் பிள்ளையின் தரத்தைச் சொல்லி ஒப்பிட்டால், அம்மாவையும் அப்பாவையும் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்களும் பயந்துபோய்த்தான் இருப்பார்கள்.

இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பழைய வினாத்தாள்களும் புள்ளித் திட்டமும் சபையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு ஆக்கக் கேள்வியை எடுத்து 45 நிமிடத்தில் எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள், தரத்தைக் கேட்காமல் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைக் கோடிட்டுத் தரச் சொல்லுங்கள். தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கு அவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: 'a', 'the' என்ற சொற்கள் விட்டுப்போவது, கதை நடுவில் இறந்தகாலம் நிகழ்காலமாக மாறுவது, பன்மை 's' காணாமல் போவது. உங்கள் தாளில் எது அதிகம் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், அதற்கு என்ன பயிற்சி என்று நான் சொல்கிறேன்.