பழைய காரின் தோற்றம் கெடாமல் பின்விளக்குகளைப் பாதுகாப்பானதாக மாற்ற முடியுமா?

முடியும். வண்டி எது என்று நீங்கள் சொல்லவில்லை. 'தாத்தா வைத்திருந்த 1950களின் பிரிட்டிஷ் கார், இரவில் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறார்கள்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

என்னுடையது 1958ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். மொரீஷியஸில் ஒரு காலத்தில் டாக்சி என்றால் பெரும்பாலும் அந்த வண்டிதான். அப்பா அதை ஓட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். 'அதையெல்லாம் சாலையில் ஓட்டலாமா, கொட்டகையில் வைத்துத் துடைக்க வேண்டியதுதானே' என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

நான் குடியிருப்பது கியூர்பிப்பில். கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரம். போர்ட் லூயிஸில் வெயில் காயும் நேரத்தில் இங்கே தூறிக்கொண்டிருக்கும். கரும்பு வெட்டுக் காலத்தில் ஒரு மாலை, ரவுண்டானாவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த கரும்பு லாரி கிறீச்சிட்டுக்கொண்டு என் பம்பரை ஒட்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ என் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, "மிதியுங்கள் பார்க்கலாம்" என்றார் எங்கள் ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலில். மிதித்தேன். "காலை எடுங்கள்." எடுத்தேன். "எப்போது மிதித்தீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்றே தெரியவில்லையே! ஊதுபத்தி நுனி மாதிரி எரிகிறது."

'திடீரென்று பிரேக் போட்டிருப்பாய்' என்று கீழே எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மெதுவாகத்தான் மிதித்தேன், வம்பே அதில்தான். இந்த வண்டிகளில் பிரேக் லைட் ஸ்விட்ச் பிரேக் எண்ணெய்க் குழாயில் உட்கார்ந்திருக்கும். எண்ணெயின் அழுத்தம் ஏறினால்தான் அது வேலை செய்யும். பழசாகிவிட்டால், அழுத்தி மிதிக்கும்வரை விளக்கு எரியாது. வண்டி வேகம் குறைந்துகொண்டிருக்கும், பின்னால் வருபவருக்குத் தகவலே போகாது. புது ஸ்விட்ச் போடுங்கள். அல்லது பெடல் அசைந்தாலே தட்டுகிற மாதிரி ஓர் இயந்திர ஸ்விட்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் இருப்பதை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

அடுத்தது எர்த், அதாவது விளக்கையும் பேட்டரியையும் வண்டியின் உடல் வழியாக இணைக்கும் மின்பாதை. கடற்காற்று படுகிற ஊரில் பல்பு ஹோல்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். என்னுடையதில் திருகாணியின் தலையே தெரியவில்லை. விளக்கின் உலோக உடலிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு நேராக ஒரு வயரைத் தொட்டுப் பாருங்கள். வெளிச்சம் குப்பென்று கூடினால் குற்றவாளி அகப்பட்டான். 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் பத்தரை வோல்ட் போனால், இழை பல்பின் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தனி எர்த் வயர் இழுத்து, உள்ளே கறுத்துப்போன ரிஃப்ளெக்டருக்கு வெள்ளிப் பூச்சு அடித்தாலே பாதி வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் விலை உயர்ந்த பல்பு வாங்குவது வீண்.

இனி எல்.இ.டி. உங்கள் வண்டியும் என்னுடையதைப் போலப் பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு சேர்ந்ததாக, இருக்க வாய்ப்பு அதிகம், பேட்டரியின் எந்த முனை உடலோடு சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடையில் பொதுவாகக் கிடைக்கும் எல்.இ.டி. பல்புகள் நெகட்டிவ் எர்த் வண்டிகளுக்கானவை, மாட்டினால் எரியாது. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி.யும் வேண்டாம். அதன் ஒளியில் சிவப்பு குறைவு, வெளியே வருவது வெளிறித் தெரியும். சிவப்பு எல்.இ.டி.யையே கேட்டு வாங்குங்கள். பழைய பல்பில் பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். அந்த வித்தியாசம்தான் பின்னால் வருபவருக்குச் செய்தி. மலிவான எல்.இ.டி.யில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி எரியும், அதற்குப் பழைய பல்பே தேவலை. நல்லதாக அமைந்தால் இன்னொரு லாபம் உண்டு. இழை பல்பு முழுதாகச் சூடேற ஏறத்தாழ 0.2 விநாடி பிடிக்கும், எல்.இ.டி. உடனே எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரிக்கு அது நாலரை மீட்டர் தூரம்.

பின் கண்ணாடிக்கு உள்ளே, மேல்பக்கமாக, மூன்றாவது பிரேக் லைட் ஒன்றும் வைத்தேன். 1974இல் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளில் இப்படி ஒரு விளக்கை வைத்துச் சோதித்தார்கள், பின்னால் இடிபடுவது பாதிக்கும் கீழே குறைந்தது. அமெரிக்காவில் 1986 மாடல் முதல் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். எல்லா வண்டியிலும் வந்த பிறகு பலன் குறைந்து நாலைந்து சதவீதத்தில் நின்றது என்பதும் உண்மை. எனக்கு அதுவே போதும். என் வண்டியில் பிரேக் வயர் பச்சை, அதில் ஊதாக் கோடு. பாசிட்டிவ் எர்த் என்றால் புது விளக்கின் கறுப்பு வயர் இந்தப் பச்சையோடும், சிவப்பு வயர் வண்டியின் உடலோடும் சேர வேண்டும். கை தானாகவே மாற்றிக் கொடுக்கும், கவனம்.

"உன் அப்பன் முப்பது வருஷம் ஓட்டினான், அவனுக்கு மூணாவது விளக்கு வேண்டியிருந்ததா?" என்றார் சித்தப்பா, அவரும் டாக்சிக்காரர்தான். அப்பா ஓட்டிய காலத்தில் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பையன்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வரவில்லை, சித்தப்பா. எதையும் துளைக்கவில்லை, வெட்டவில்லை. நாளைக்கே கழற்றினால் 1958 திரும்பி வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பழைய கார் வைத்திருப்பவருக்குத்தான் இது புரியும். கல்யாண சீசன் வந்தால் உறவெல்லாம் புதிதாக முளைக்கும். "மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரம் கொடு, அண்ணா." வண்டி இருட்டிய பிறகு வரும். இருக்கை இடுக்கில் மஞ்சள் அரிசி, டாங்கில் பெட்ரோல் வாசனை மட்டும், பின்விளக்கு இரண்டையும் மூடி சரிகை ரிப்பன். அப்படியே கோவிலிலிருந்து ஓட்டி வந்திருக்கிறார்கள்! கேட்டால் நான் கஞ்சன். இப்போது ஓட்டுநராக நானும் போகிறேன், சாப்பாட்டுப் பந்தியில் எனக்கும் இலை போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கவாட்டில் கை மாதிரி எழும்பும் பழைய சிக்னல் உங்கள் வண்டியில் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள், அழகு. ஆனால் இரவில் அதை யாரும் கவனிப்பதில்லை. பம்பருக்கு மேலே ஆரஞ்சு விளக்கு இரண்டு தனியாக வையுங்கள். அவை எல்.இ.டி. என்றால், சிக்னலைச் சிமிட்ட வைக்கும் பழைய வகை ஃபிளாஷர் வேலை செய்யாது, எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வேண்டும். அதையும் பாசிட்டிவ் எர்த் என்று சொல்லியே வாங்குங்கள். உங்கள் ஊரில் வண்டித் தகுதிச் சோதனை செய்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.