பேசாத முகங்கள்: வாசகர் கேள்வி பதில்

கே: அம்மா, ஊமைப்படங்களில் எல்லாரும் ஏன் தடதடவென்று ஓடுகிறார்கள்? அந்தக் காலத்து நடிப்பே அப்படித்தானா?

ப: இல்லவே இல்லை. இந்த ஒரு தப்பபிப்பிராயத்தால்தான் பலரும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள், அதனால் இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். கைப்பிடி ஒரு முறை சுற்றினால் எட்டு பிரேம், அதாவது எட்டுத் தனித்தனிப் படங்கள், நகரும். நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 பிரேம். கேமராமேனின் கையைப் பொறுத்து அது கூடும், குறையும். ஒலி வந்த பிறகு குரல் இழுபடாமல் இருக்க வேண்டுமே என்று நொடிக்கு 24 என நிலைப்படுத்தினார்கள். 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம் வந்துவிடும். நடக்கிறவர் ஓடுவார், அழுகிறவர் துள்ளுவார்.

நான் ஒரு பிலிம் காப்பகத்தில் 26 ஆண்டுகள் சுருள் பரிசோதிக்கும் வேலையில் இருந்தவள். சேர்ந்த புதிதில் ஒரு துண்டுப் படம் என் மேஜைக்கு வந்தது. தலைப்பு இல்லை, நடிகர் பெயரும் இல்லை. ஒரு தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள். 24-இல் ஓட்டியபோது குழந்தையைத் தூக்கிப் போடுவதுபோல் இருந்தது. என் மூத்தவர் ஒருவர் பேசாமல் வந்து வேகத்தைக் குறைத்தார். கிடத்திய பிறகு கையை எடுக்க மனமில்லாமல் அவள் ஒரு கணம் அப்படியே வைத்திருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. சரியான வேகத்தில், இசையோடு புதுப்பித்த பிரதியாகத் தேடிப் பாருங்கள். மங்கிப்போன, வேகம் தப்பிய பிரதியைப் பார்த்துவிட்டு அந்த நடிகர்களை எடை போடாதீர்கள்.

கே: உலகின் முதல் சினிமா நட்சத்திரம் யார்?

ப: ஒரே பெயராகச் சொல்வது கடினம். பிரான்சில் மாக்ஸ் லிண்டர் பட்டுத் தொப்பியும் கைத்தடியுமாக வந்து சிரிக்க வைத்தபோது சாப்ளின் இன்னும் மேடை நடிகர்தான். டென்மார்க்கின் அஸ்டா நீல்சன் 1910-இல் நடித்த முதல் படத்திலேயே ஐரோப்பா முழுவதும் அறிந்த முகமாகிவிட்டார். ஆனால் ‘நட்சத்திரம்’ என்ற ஏற்பாடு எப்படிப் பிறந்தது என்று கேட்டால், நான் நடிகை ஃபுளோரன்ஸ் லாரன்ஸின் கதையைத்தான் சொல்வேன்.

அன்று அமெரிக்கக் கம்பெனிகள் நடிகர்களின் பெயரைத் திரையில் போடவில்லை. பெயர் தெரிந்தால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்ற பயம் ஒரு காரணம். ஆனால் ஜனங்களுக்கு முகம் பிடித்துவிட்டதே! பெயர் தெரியாமல் ‘பயோகிராஃப் பெண்’ என்று கம்பெனியின் பெயரை வைத்தே லாரன்ஸை அழைத்தார்கள். கார்ல் லெம்லே என்ற தயாரிப்பாளர் அவரைத் தன் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். 1910-இல், டிராம் வண்டியில் அடிபட்டு அவர் செத்துவிட்டதாக செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு வதந்தி கிளம்பியது. பிறகு, ‘அது பொய், அவர் நலமாக இருக்கிறார், எங்கள் படத்தில் நடிக்கிறார்’ என்று பெயரைப் போட்டு விளம்பரம் வந்தது. வதந்தியையும் லெம்லேயே கிளப்பிவிட்டார் என்பதுதான் சினிமா வரலாற்றில் நிலைத்துவிட்ட பேச்சு. அதே செயின்ட் லூயிஸ் நகருக்கு அவரை நேரில் அழைத்துப் போனார்கள். ரயில் நிலையத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மனம் ஆறாத விஷயம். ஒலி வந்த காலத்தில் அவருக்குக் கிடைத்தவை பெயர் போடாத சிறு வேடங்கள். 1938-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 1991 வரை அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் கிடையாது. ராடி மெக்டவால் என்ற நடிகர் தன் செலவில் ஒன்றை வைத்தார். ‘முதல் சினிமா நட்சத்திரம்’ என்று அதில் எழுதியிருக்கிறது.

கே: சாப்ளினா, கீட்டனா? ஒருவரைத்தான் சொல்ல வேண்டும்.

ப: பஸ்டர் கீட்டன்தான், சாப்ளின் காலத்தின் இன்னொரு சிரிப்பு நடிகர். சாப்ளின் நம்மிடம் இரக்கத்தைக் கேட்டு வாங்குவார், அதில் அவருக்கு ஈடு கிடையாது. கீட்டன் எதையுமே கேட்பதில்லை. 1928-இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் புயல் அடிக்கிறது. ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் திறந்திருந்த இடத்தில் அவர் நிற்பதால் உயிர் தப்புகிறார். சுவர் உண்மையானது, கனமானது. உடம்பைச் சுற்றி இருந்த இடைவெளி சில அங்குலம்தான். கால் வைக்கும் இடம் கொஞ்சம் தவறியிருந்தால் படமும் இல்லை, அவரும் இல்லை. பிலிம் ஒட்டுகளை (இரண்டு துண்டுகளை வெட்டிச் சேர்த்த இடங்களை) தேடுவதே தொழிலாக இருந்தவள் சொல்கிறேன்: அந்த ஷாட்டில் ஒட்டு கிடையாது.

கே: என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பத்து வயது. வீட்டில் எல்லாரும் படம் பார்க்கும்போது அவள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் படங்களை அவளுக்குக் காட்டலாமா?

ப: உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன், அம்மா. அவசியம் காட்டுங்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, காது கேட்கிறவரும் கேட்காதவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே படத்தை ஒரே நேரத்தில் புரிந்துகொண்டு சிரித்த கலை இது. வசனம் டைட்டில் கார்டில் எழுத்தாகவே வந்தது. பேசும்படம் வந்தபோது உலகமே கொண்டாடியது. காது கேளாதவர்களுக்கோ அன்றைக்குத் திரையரங்கின் கதவு சாத்தப்பட்டது.

லான் சானி என்ற நடிகரை உங்கள் மகளுக்கு அறிமுகப்படுத்துங்கள். ‘ஆயிரம் முகம்’ என்று பெயர் வாங்கியவர். அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது. அம்மா முடக்குவாதத்தில் படுத்த பிறகு, வெளியே பார்த்ததையெல்லாம் கையாலும் முகத்தாலும் நடித்துக் காட்டுவது பையனின் வேலையாயிற்று. திரையில் நாம் பார்க்கும் அந்த முகம் தாயின் படுக்கையருகில் பழகிய முகம். (அவர் படங்கள் சில பயமுறுத்தும். நீங்கள் முதலில் பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.)

இன்னொருவர் கிரான்வில் ரெட்மண்ட். காது கேளாத ஓவியர். சாப்ளின் அவருக்கு நண்பர், தன் ஸ்டுடியோவிலேயே ஓவியம் வரைய இடம் கொடுத்தவர், சில படங்களில் நடிக்கவும் வைத்தவர். ‘சிட்டி லைட்ஸ்’ தொடக்கத்தில் சிலை திறப்பு விழா வரும். அதில் சிற்பியாக வருகிறவர் ரெட்மண்ட்தான். அந்த இடம் வரும்போது மகளிடம் அவரைச் சுட்டிக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நீங்களும் சத்தத்தை நிறுத்திவிட்டு அவளோடு உட்காருங்கள். அவள் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்லட்டும்.

கே: தியேட்டரில் நிஜமாகவே நிசப்தமாக இருக்குமா?

ப: ஒருநாளும் இல்லை. சிறிய அரங்கில் பியானோ, பெரிய அரங்கில் முழு வாத்தியக் குழு. ஜப்பானில் பென்ஷி என்ற கதைசொல்லி திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார். நடிகரைவிட அவருக்காகக் கூட்டம் வந்ததுண்டு. இயக்குநர் குரோசாவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. வண்ணமும் இருந்தது: இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள், தீக்குச் சிவப்பு என்று பிலிமைச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள்.

கே: இந்திய ஊமைப்படங்களின் முதல் கதாநாயகி யார்?

ப: தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் (1913) தாராமதியாக வந்தவர் சாலுங்கே என்ற ஆண். பால்கே எவ்வளவு தேடியும் நடிக்கப் பெண் கிடைக்கவில்லை, உணவகம் ஒன்றில் வேலை பார்த்த அவரைக் கூட்டிவந்தார். 1917-இல் வந்த ‘லங்கா தகன்’ படத்தில் ராமனும் அவரே, சீதையும் அவரே. பெண்கள் என்று பார்த்தால், 1913-இலேயே பால்கேயின் அடுத்த படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்துவிட்டார்கள். நட்சத்திரம் என்று சொன்னால் சுலோசனா. இயற்பெயர் ரூபி மையர்ஸ், டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். பேசும்படம் வந்ததும் மொழி தடையானது. அவர் ஒதுங்கிப் போகாமல் இந்துஸ்தானி கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். 1973-ஆம் ஆண்டுக்கான பால்கே விருது அவருக்குத்தான்.

கே: தாத்தாவின் பழைய பெட்டியில் துருப்பிடித்த பிலிம் டப்பாக்கள் மூன்று கிடைத்தன. குப்பையில் போட மனம் வரவில்லை. என்ன செய்ய?

ப: போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து! அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நாட்டில் எடுத்த ஏறக்குறைய 11,000 முழுநீள ஊமைப்படங்களில் முதலில் வெளியான வடிவத்திலேயே மிஞ்சியவை 14 சதவீதம். தீடா பாரா என்ற பெரிய நடிகை சுமார் 40 படங்களில் நடித்தார், இன்று மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1937-இல் நியூஜெர்சியில் ஒரு கிடங்கு எரிந்ததில் அவர் படங்கள் பலவும் போயின. அன்றைய நைட்ரேட் பிலிம் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடியது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாமல் தப்பியவற்றில் பலதைப் பிலிமில் இருந்த வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். ஒரு குடும்பம் சுருள்களை எடைக்குப் போட்ட மறுநாள் நான் அங்கே போய் நின்றிருக்கிறேன். காலி டப்பாக்கள் மட்டும் கிணற்றடியில் கிடந்தன.

ஆனால் கிடைக்கவும் செய்கிறது. இயக்குநர் டிரேயர் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படத்தின் மூல நெகட்டிவ் எரிந்துபோனது. 1981-இல் நார்வேயின் ஆஸ்லோ அருகே ஒரு மனநல மருத்துவமனை அலமாரியில் நல்ல பிரதி அகப்பட்டது. ஜோனாக நடித்த ஃபால்கோனெட்டியின் அந்த முகத்தை இன்று நாம் பார்க்கிறோம் என்றால் அந்த அலமாரியை யாரோ திறந்து பார்த்ததால்தான். கனடாவின் டாசன் நகரில் பழைய நீச்சல் குளத்தை நிரப்பப் போட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுருள்கள் 1978-இல் மண்ணுக்கடியிலிருந்து வந்தன. உறைபனிதான் அவற்றைக் காத்தது.

உங்கள் மூன்று டப்பாக்களுக்கு வருகிறேன். புரொஜெக்டரில் மாட்டிப் பார்க்காதீர்கள். அடுப்பு, வெயில், மின்சாரப் பெட்டி எதன் அருகிலும் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டவும் வேண்டாம், அதற்குக் காற்று வேண்டும். பிலிம் பிசுபிசுத்திருந்தாலோ, பழுப்புத் தூளாக உதிர்ந்தாலோ மூடிவிட்டு வீட்டுக்கு வெளியே நிழலில் தனியாக வையுங்கள். காடி நெடி அடித்தால் பெரும்பாலும் அது பிற்கால அசிடேட் பிலிம், தீப்பிடிக்கும் பயம் குறைவு, ஆனால் அதுவும் அழிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எதுவானாலும் பிலிம் காப்பகத்துக்கு எழுதுங்கள், தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். மூடியின் மேல் ஏதாவது காகிதம் ஒட்டியிருந்தால், எழுத்து மங்கியிருந்தாலும் கிழிக்காதீர்கள். முதலில் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.