பருவுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை: எப்படிப் போடுவது, எப்போது நிறுத்துவது?

கேள்வி: எனக்கு வயது 24. கன்னத்திலும் தாடையிலும் சீழ்ப் பருக்கள் நிறைய வந்ததால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோல் மருத்துவர் டாக்சிசைக்ளின் 100 மி.கி. மாத்திரையும், இரவில் தடவ அடாபலீன் களிம்பும் எழுதிக் கொடுத்தார். களிம்பு எரிந்ததால் விட்டுவிட்டேன். மாத்திரையிலேயே இரண்டு மாதத்தில் முகம் தெளிந்தது. நிறுத்திய பிறகு மறுபடியும் வந்துவிட்டது. அன்று முதல் பரு கிளம்பும்போதெல்லாம் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கி, பத்துப் பதினைந்து நாள் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். இந்த முறை நான்கு நாட்களாக எதை விழுங்கினாலும் நெஞ்சுக்குள் சுருக்கென்று வலிக்கிறது. மாத்திரையைத் தொடரலாமா? 15 வயதுத் தங்கைக்கும் பரு வருகிறது. அவளுக்கும் இதையே கொடுக்கலாமா?

பதில்: மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். உங்கள் கேள்வியில் பருவைவிட அவசரமானது அந்த வலிதான்.

மாத்திரையை எப்போது, எப்படி விழுங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரவு படுக்கப் போகும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்துவிடுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. டாக்சிசைக்ளின் அமிலத்தன்மை உள்ள மருந்து. அது வயிற்றுக்குள் இறங்காமல் உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்தால், பட்ட இடத்தில் புண் உண்டாகும். மருந்தை நிறுத்தினால் இந்தப் புண் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். ஆனாலும் ஓரிரு நாட்களுக்குள் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்து தேவைப்படலாம். தண்ணீர்கூட இறங்கவில்லை, வாந்தியில் இரத்தம் தெரிகிறது, மலம் கருப்பாகப் போகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இனி பருவுக்கு வருவோம். மாத்திரை போட்டால் தெளிகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. இதைப் பார்த்துப் பலரும், மாத்திரையை விடாமல் போடுவதுதான் வழி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறான முடிவு. பரு உருவாவதில் நான்கு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன: ஹார்மோன்களின் தூண்டுதலால் எண்ணெய் அதிகம் சுரக்கிறது, ரோமக்கால்களின் வாய் அடைபடுகிறது, உள்ளே தேங்கிய எண்ணெயில் பாக்டீரியா பெருகுகிறது, அதைச் சுற்றி அழற்சி உண்டாகிச் சிவந்து வீங்குகிறது. டாக்சிசைக்ளின் பின்னிரண்டை மட்டுமே தணிக்கிறது. எண்ணெயும் அடைப்பும் அப்படியேதான் இருக்கின்றன. அடைப்பு விழாமல் தடுப்பது, எரிகிறது என்று நீங்கள் ஒதுக்கி வைத்த அந்த அடாபலீன். முதல் மருந்தை விட்டுவிட்டுத் துணை மருந்தை மட்டும் இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள்.

அதையும் விட்டுவிட்டுப் போட்டிருப்பது எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. பருவில் இந்த மாத்திரையின் பலன் சரியாகத் தெரியவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்துப் பதினைந்து நாளில் நிறுத்தினால் பலன் முழுதாகக் கிடைக்காது. ஆனால் கிருமிகளுக்கு மருந்தோடு பழக அந்த நாட்கள் போதும். பழகுவது முகத்துக் கிருமி மட்டுமல்ல; மூக்கிலும் தொண்டையிலும் குடலிலும் இருப்பவையும்தான். நாளை உண்மையிலேயே ஒரு ஆன்டிபயாடிக் தேவைப்படும் நோய் வரும்போது அது வேலை செய்ய வேண்டுமல்லவா? ஒரு காலத்தில் பருவுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட எரித்ரோமைசின், பரு பாக்டீரியா அதற்கு அடங்காமல் போனதால் இன்று பல நாடுகளில் அரிதாகவே எழுதப்படுகிறது.

ஆகவே பருவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் மருத்துவரோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பொதுவாக மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு. இடையில் ஒருமுறை காட்டி, பலன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியாக ஒருபோதும் போடக்கூடாது. அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடு என்ற களிம்பும் கூடவே ஓட வேண்டும். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவை ஆக்சிஜனேற்றத்தால் கொல்கிறது. கிருமிகள் அதற்குப் பழகிப்போவதில்லை என்பதே அதன் பெரிய பலம். மாத்திரை முடிந்த பிறகும் களிம்புகளை நிறுத்தக்கூடாது. மாத்திரை சாப்பிடும்போது கிளிண்டாமைசின் போன்ற இன்னொரு ஆன்டிபயாடிக் களிம்பைத் தடவுவது வேண்டாம்.

அடாபலீன் எரிந்ததற்கு அநேகமாகத் தடவிய விதமே காரணமாக இருக்கும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுபோல் தடவுகிறவர்களும், சீக்கிரம் குணமாகட்டும் என்று அள்ளிப் பூசுகிறவர்களும் அதிகம். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முகத்தை மென்மையாகக் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு, கண், மூக்கோரம், உதட்டோரம் தவிர்த்து மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அதன்மேல் எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர் போட்டுக்கொள்ளுங்கள். தோல் உரிவதும் சிவப்பதும் முதல் சில வாரங்களில் சகஜம், பிறகு அடங்கிவிடும். பென்சாயில் பெராக்சைடை 2.5 சதவீதத்தில் தொடங்கிக் காலையில் தடவலாம். தலையணை உறையிலும் துண்டிலும் பட்டால் சாயம் போய்விடும், கவனம்.

புண் ஆறிய பிறகு மருத்துவர் மறுபடி டாக்சிசைக்ளின் எழுதினால், பகலில் சாப்பாட்டோடு, ஒரு முழு டம்ளர் தண்ணீருடன் விழுங்குங்கள். பிறகு ஒரு மணி நேரமாவது படுக்கக்கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட்டும் இந்த மருந்தைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாமல் செய்யும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம். வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிவிடும் என்பதால் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் அவசியம்.

புதிதாக விடாத தலைவலி வந்து, பார்வையும் மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுவதன் அறிகுறி அது. அரிதானதுதான், ஆனால் பார்வையைப் பாதிக்கக்கூடியது. கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் என்ற மருந்தோடு டாக்சிசைக்ளினைச் சேர்த்துப் போடக்கூடாது என்பதும் இந்த ஆபத்தினால்தான். கடுமையான வயிற்றுப்போக்கு, உடம்பெங்கும் தடிப்பு என்றாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கருவுற்றிருந்தால், அல்லது கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தால், டாக்சிசைக்ளினும் அடாபலீனும் வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேறு வழி பார்க்கலாம்.

களிம்புகளைச் சரியாகப் பயன்படுத்தியும் அடங்கவில்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். உங்களுக்குப் பரு தாடையில் வருகிறது என்பதால் கேட்கிறேன்: மாதவிலக்கு சீராக வருகிறதா? முகத்தில் ரோமம் கூடுகிறதா? அப்படியானால் ஹார்மோன் பரிசோதனை தேவை. அதற்குரிய சிகிச்சையும் வேறு. நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில், அரிப்போடு சிறு சிறு பொரிகள் கிளம்பினால் அது பருவாக இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதை இன்னும் கிளப்பிவிடும். ஸ்டீராய்டு கலந்த முகக்களிம்பு ஏதாவது தடவிவந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தழும்பு விழத் தொடங்கியிருந்தால், இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக்கில் மாதங்களைக் கழிக்காமல் ஐசோட்ரெட்டினோயின் பற்றிக் கேட்பது நல்லது. அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து. கண்டிப்பான கண்காணிப்போடுதான் எடுக்க வேண்டும்.

தங்கைக்கு உங்கள் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். 15 வயதில் டாக்சிசைக்ளின் கூடவே கூடாது என்பதல்ல. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் பல்லில் கறை விழும் என்று பொதுவாகத் தவிர்க்கிறோம். ஆனால் அவளுக்கு இருப்பது கரும்புள்ளிகளும் சிறு முட்டுகளும் மட்டும் என்றால் ஆன்டிபயாடிக்கால் பயனே இல்லை. மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, இதே களிம்புகளை நான் சொன்ன முறையில் தடவச் செய்து 12 வாரம் பொறுத்துப் பாருங்கள். இடையில் வலிக்கும் கட்டிகளோ தழும்போ தெரிந்தால், அதுவரை காத்திராமல் மறுபடி அழைத்துச் செல்லுங்கள்.