லேசான பணிப்பொழிவு

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். போன வாரம் அங்கே இரண்டு அங்குலம் லேசான பணிப்பொழிவு. அதற்கே பள்ளிக்கு லீவு, ரயில் ரத்து, கடையில் பாலும் ரொட்டியும் காலி, டிவியில் நாள் முழுக்க இதே செய்தியாம். உலகத்தையே ஆண்டவர்கள் இதற்கா இப்படி நடுங்குவது? நம் ஊரில் மார்கழிப் பணியில் பாட்டிகள் வாசலில் குந்திக் கோலம் போடவில்லையா?
– ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: பனியைப் 'பணி' என்று ஒரு தடவை எழுதியிருந்தால் கை தவறியது என்று விட்டிருப்பேன். இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள் என்றால் அது கொள்கை. முதலில் அந்தக் கொள்கைக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். இங்கிலாந்து கொஞ்சம் காத்திருக்கட்டும், அவர்களுக்கு வரிசையில் நின்று பழக்கம்தான்.

பணிப்பொழிவு! நம் மாவட்டத்தில் அப்படியொன்று நடந்தால் எப்படி இருக்கும்? பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் மூட்டை முடிச்சோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் (பனியனுக்கு இரண்டு சுழிதான், சந்தேகம் வேண்டாம்) பஸ் ஏறுகிற சனங்களின் தலையில் வானத்திலிருந்து வேலை கொட்டுகிறது. செய்தி இப்படி வரும்: 'காரிமங்கலம் சுற்றுவட்டாரத்தில் நள்ளிரவு முதல் லேசான பணிப்பொழிவு. வயல்வெளிகளில் இளநிலை உதவியாளர் பணிகள் திட்டுத்திட்டாகக் காணப்பட்டன. புளியமரத்தில் சிக்கிய கிராம நிர்வாக அலுவலர் பணி ஒன்றைத் தீயணைப்புத் துறையினர் ஒரு மணி நேரம் போராடி மீட்டனர். அதிகாலையில் விழுந்த ஆசிரியர் பணிகள், வெயில் ஏறியதும் தற்காலிகப் பணிகளாக உருகின. அடுத்த 24 மணி நேரத்தில் ஓரிரு இடங்களில் குரூப் 4 பெய்யக்கூடும் என வானிலை மையம் தெரிவித்துள்ளது.' குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊரே தெருவில் நிற்கும். நானும் நிற்பேன். பத்திரிகை வேலையில் என்ன வருகிறது என்று உங்களுக்கே தெரியும், சந்தா பாக்கிப் பட்டியலில் நீங்களும் இருக்கிறீர்கள்.

(புளியமரம் என்றது ஒரு பேச்சுக்குத்தான். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வெட்டியது போக மிச்சம் எத்தனை நிற்கிறது என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, பலமுறை திட்டும் வாங்கிவிட்டேன். இன்றைக்கு வேண்டாம்.)

உங்களைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு தமிழாசிரியர் ஓய்வு பெற்றார். நம் இதழில் கொட்டை எழுத்தில் 'பனி நிறைவுப் பாராட்டு விழா' என்று போட்டோம். மறுவாரம் ஒரு தபால் கார்டு வந்தது: 'நான் என்ன, உருகி முடிந்துவிட்டேனா?' அதற்குப் பிறகு கடைவீதியில் என்னைப் பார்த்தால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். பனி படிந்துவிட்டதாம்.

சரி, இரண்டு சுழிப் பனிக்கு வருவோம். நம்மிடம் இருப்பது ஒரே சொல். புல் நுனியில் நிற்பதும் பனி, ரோட்டை மறைப்பதும் பனி, ஊட்டிப் பக்கம் தலைகுந்தாப் புல்வெளியை வெளுக்க வைப்பதும் பனி, உங்கள் மகன் தலையில் விழுவதும் பனி. முன்னால் ஒரு அடைமொழி சேர்த்து மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே இல்லை. டிவிக்காரர்களுக்கு அவ்வளவு நேரம் ஏது? அத்தனையையும் 'பனிப்பொழிவு' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். 'கிருஷ்ணகிரியில் கடும் பனிப்பொழிவு, வாகன ஓட்டிகள் அவதி.' ஐயா, பொழிவதென்றால் மேலிருந்து கீழே விழவேண்டும். மூடுபனி எங்கேயும் விழவில்லை, தரையோடு படுத்துக் கிடக்கிற மேகம் அது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்றால்தான் வானிலைக்காரர்கள் அதை மூடுபனி என்றே ஒப்புக்கொள்வார்கள். ஊட்டி உறைபனியும் விழுவதில்லை. மேகமில்லாத, காற்றசையாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. புல் பூச்சியத்துக்குக் கீழே போகிறது. காற்றிலிருக்கும் ஈரம் தண்ணீராகாமலே அதன்மேல் பளிங்காகப் படிகிறது. ஆளுயரத்தில் வைத்த வெப்பமானி இரண்டு டிகிரி காட்டும்போதே காலடியில் புல் உறைந்திருக்கும். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தில் நிருபர் புல்லைச் சுரண்டி, உள்ளங்கையில் வைத்துக் கேமராவிடம் நீட்டி, 'மினி காஷ்மீர்' என்று சொல்லி முடித்திருப்பார். நம் மாவட்டத்தில் நிஜமாகவே பொழிகிறது ஒன்றே ஒன்றுதான், சொற்பொழிவு. அதற்கு யாரும் லீவு விடுவதில்லை.

தளிக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்று பட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். குளிர்ந்தால் இங்கிலாந்து, வெளுத்தால் காஷ்மீர். நம் ஊர் நம் ஊராகவே குளிரக் கூடாதா என்ன?

இனி உங்கள் கேள்வி. இரண்டு அங்குலத்துக்கு நடுங்கலாமா? தாராளமாக நடுங்கலாம். 'லேசான' என்று எழுதினீர்களே, வில்லங்கமே அதில்தான். மாதக்கணக்கில் பனி கிடக்கிற ஊர்களில் அள்ளுகிற வண்டி, உப்புத் தூவுகிற லாரி, குளிர்காலத்துக்கென்று தனி டயர் எல்லாம் தயாராக நிற்கும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு நாள் விழுகிற ஊரில் அதற்கெல்லாம் யார் காசு போடுவது? அமெரிக்காவில் அட்லாண்டா என்று ஒரு பெருநகரம். 2014 ஜனவரி 28ஆம் தேதி அங்கே விழுந்தது மூன்று அங்குலத்துக்கும் குறைவு. பனியைப் பார்த்ததும் பள்ளி, ஆபீஸ் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விட்டார்கள். ஊரிலிருந்த காரெல்லாம் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்தது. டயருக்கடியில் நசுங்கிய லேசான பனி கண்ணாடி மாதிரி இறுகியது. உப்பு லாரி நகர வழியில்லை. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பள்ளியிலேயே படுத்தார்கள், பெரியவர்கள் விடியவிடியக் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள், நெடுஞ்சாலையில் நின்றுபோன ஒரு காரில் குழந்தையே பிறந்தது. பொங்கல் முடிந்து ஊர் திரும்புகிற ராத்திரியில் தொப்பூர் கணவாயில் ஒரே ஒரு லாரி குறுக்கே நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்த நாம் இதற்குச் சிரிக்கக் கூடாது.

இங்கிலாந்துக்காரர்களே சிரிக்கிற சமாச்சாரமும் ஒன்று உண்டு. 1991 பிப்ரவரியில் பனி விழுந்து ரயில்கள் நின்றன. ரயில்வே தரப்பில் சொன்ன காரணம்: இது வழக்கமான பனி இல்லை, மாவு மாதிரி நைசான பனி, மோட்டாருக்குள் புகுந்துவிட்டது. பத்திரிகைகள் அதை 'தப்பான ரகப் பனி' என்று சுருக்கிவிட்டன. சொன்ன காரணம் உண்மைதான், ஆனாலும் இன்றுவரை அங்கே யாராவது நொண்டிச் சாக்குச் சொன்னால் அந்த வார்த்தையைத்தான் எடுத்து வீசுகிறார்கள். உங்கள் எழுத்துப்படி அது 'தப்பான ரகப் பணி' ஆகும். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஓசூரில் வீடுவீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிற பையன்களுக்கு அதற்கும் அர்த்தம் தெரியும்.

அப்புறம், நாம் மட்டும் பெரிய சூரர்களா? வானம் கறுத்தாலே கலெக்டரின் எக்ஸ் (பழைய ட்விட்டர்) பக்கத்தில் 'சார், நாளைக்கு லீவா?' என்று பிள்ளைகள் வரிசை கட்டுகிறார்கள். பாட்டி கோலம் போடுகிறார், மறுக்கவில்லை. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று முணுமுணுத்தபடி, தலையில் முக்காடோடு. அந்த நேரத்தில் தாத்தா குரங்குக் குல்லாவுக்குள் கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு டீக்கடையில் இருப்பார். பாட்டியைச் சொன்னீர்கள், தாத்தாவை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

குளிருக்கு மிகையாக அலறிய முதல் ஆள் யார் என்று தேடினால், பழனி மலைப் பக்கம் ஆண்ட பேகன்தான் அகப்படுகிறான். மயில் அகவியது. நடுங்குகிறது என்று நினைத்துப் போர்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டான். உடம்பெல்லாம் இறகு முளைத்த பறவைக்குப் போர்வை! இன்றைக்கென்றால் 'கடும் குளிரால் மயில்கள் அவதி' என்று டிவியில் கீழே ஓடும். நம் தகடூர் அதியமானும் அதே வள்ளல் பட்டியலில்தான் இருக்கிறான். அவன் நெல்லிக்கனியின் அருமையை வாய்விட்டுச் சொல்லாமலே ஔவையிடம் கொடுத்தான். சொல்லாமல் செய்வது தருமபுரிக் குணம் என்று நான் எழுதினால் பழனி வாசகர்கள் சந்தாவை நிறுத்துவார்கள். மூன்று பேர்தான், பரவாயில்லை.

கேமரா அதிகம் எட்டிப் பார்க்காத பனி ஒன்றும் இங்கே இருக்கிறது. தை மாதம், கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பூ நிறைந்திருக்கும் நேரம். நாலு நாள் விடாமல் மூட்டம் போட்டால் பூவில் சாம்பல் நோய் இறங்கும், தத்துப்பூச்சி சேரும், பூங்கொத்து கருகி உதிரும். சித்திரைக்கு மேல் எத்தனை லோடு பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைக்குப் போகும் என்பதில் பாதி அந்த நாலு விடியற்காலையில் முடிவாகிவிடுகிறது. தோப்புக்குள் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷரிடம் போய் 'இந்தப் பனியை எப்படி ரசிக்கிறீர்கள்?' என்று மைக்கை நீட்டிப் பாருங்கள். அதே பனிதான் அவரைக்காய்க்கு வாசம் ஏற்றுகிறது என்பார் பக்கத்துக் கொல்லைக்காரர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மகனிடம் சொல்லுங்கள்: பனி விழுகிற அன்றைக்கும் கவனம், மறுநாள் காலையில் இன்னும் கவனம். பகலில் லேசாக உருகி ராத்திரி மறுபடி இறுகினது ரோட்டில் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும். வழுக்காத ஷூ வாங்கிக்கொள்ளட்டும்.

பின்குறிப்பு: இந்தப் பக்கம் பிழை திருத்துபவரிடம் போய்த் திரும்பியபோது, காரிமங்கலத்தில் விழுந்த அத்தனை பணியையும் அவர் பனியாக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழி ஏற்றித் திருப்பி அனுப்பினேன். அந்த வேகத்தில் திருப்பூர் பனியனுக்கும் ஒரு சுழி ஏறிவிட்டது. அச்சுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஓடிப்போய் அதைக் கழற்றினேன்.