94-ஐத் தாண்டாத வேகம்: கேட் 8 கேபிள் வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் 300 மெகாபிட் இணைய இணைப்பு இருக்கிறது. ரவுட்டர் கீழ்த்தளத்தில், கணினி மாடியில். சுவருக்குள் போகும் ஈதர்நெட் கேபிள் 20 மீட்டர் இருக்கும். எத்தனை முறை சோதித்தாலும் வேகம் 94-லேயே நிற்கிறது. வைஃபையில்கூட 200 வருகிறது. கேட் 8 என்ற உயர்தர வகைக் கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: கேபிள் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். என்ன கோளாறு என்பதை நீங்கள் எழுதியிருக்கும் அந்த 94-ஏ சொல்லிவிடுகிறது.

இரண்டு கருவிகள் 100 மெகாபிட் வேகத்தில் இணைந்திருந்தால், முகவரி போன்ற கூடுதல் தகவல்களுக்குப் போனது போக நம் கைக்கு வருவது சுமார் 94. கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பில் இது 940 வரை போகும். வேகம் 60, 80, 110 என்று ஏறி இறங்கியிருந்தால் வேறு காரணம் தேடியிருப்பேன். அசையாமல் 94-லேயே நிற்கிறது என்றால், உங்கள் ரவுட்டரும் கணினியும் கிகாபிட்டில் சேர முடியாமல் 100-க்கு இறங்கிவிட்டன என்று பொருள்.

ஏன் இறங்குகின்றன? கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டு இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: ஆரஞ்சும் பச்சையும். கிகாபிட்டுக்கு நீலம், பழுப்பு உட்பட நான்கும் வேண்டும். நீல ஜோடியில் ஒரே ஒரு கம்பி பிளக்குக்குள் சரியாக உட்காராமல் போனாலும் இணைப்பு அறுந்துவிடாது. கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும். அதனால்தான் இந்தக் கோளாறு வருடக்கணக்கில் கண்ணில் படாமலே இருந்துவிடுகிறது.

முதலில் கணினியின் நெட்வொர்க் அமைப்பில் ஈதர்நெட்டின் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 100 என்று இருந்தால், ரவுட்டர், கணினி இரண்டின் போர்ட்டுகளும் (கேபிள் செருகும் துளைகள்) கிகாபிட் வகையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய ரவுட்டர்களிலும் சில யூஎஸ்பி அடாப்டர்களிலும் 100 மெகாபிட் போர்ட்தான் இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றிலும் அப்படித்தான். அங்கே எந்தக் கேபிள் போட்டாலும் மாற்றம் வராது. இடையில் நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு கேபிளிலிருந்து பல கருவிகளை இணைக்கும் பெட்டி) இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

போர்ட்டுகள் சரி என்றால், கணினியை ரவுட்டர் அருகே கொண்டுவந்து ஒரு சின்னக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். 300 வந்துவிட்டால் சந்தேகம் சுவர்க் கேபிளின் மேல்தான். அப்போதும் புதுக் கேபிளுக்கு ஓட வேண்டாம். அதன் உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். கேட் 5இ அல்லது அதற்கு மேல் என்றால், இரு முனைகளின் பிளக்கையும் வெட்டிவிட்டுப் புதுப் பிளக்கைக் கருவியால் அழுத்திப் பொருத்தச் (கிரிம்ப்) சொல்லுங்கள். கோளாறு பெரும்பாலும் நடுவழியில் இருக்காது, முனையில்தான் இருக்கும்.

அப்படியும் சரியாகாமல் கேபிளை மாற்றியே ஆக வேண்டும் என்றால், கேட் 6 போதும். கேட் 5இ-யே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைக் கொண்டுபோகும். 2016-இல் வந்த 2.5 கிகாபிட் தரம்கூட அதே கேபிளை மனதில் வைத்துத்தான் வகுக்கப்பட்டது. கேட் 6-இல் 10 கிகாபிட்டை 55 மீட்டர் வரை அனுப்பலாம், பல கேபிள்கள் கட்டாக நெருங்கிக் கிடந்தால் அந்தத் தூரம் குறையும். முழு 100 மீட்டருக்கும் 10 கிகாபிட் வேண்டும் என்பவர்களுக்குத்தான் கேட் 6ஏ. உங்கள் 20 மீட்டருக்குக் கேட் 6 நிறையவே இடம் விட்டு வைக்கிறது.

கேட் 8 தரவு மையங்களுக்காக உருவானது. அங்கே சர்வர் அடுக்குகளுக்கு இடையே 30 மீட்டருக்குள் 25, 40 கிகாபிட் அனுப்புவதற்கானது. உங்கள் கருவிகள் கிகாபிட்டில் பேசினால் கேட் 8-லும் கிகாபிட்தான் ஓடும். விளையாட்டில் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) குறையும் என்பதும் சரியல்ல. 20 மீட்டரைக் கடக்க எந்தச் செம்புக் கேபிளிலும் மின்குறிக்கு ஆகும் நேரம் 100 நானோநொடி அளவுதான். தடிமனாக, விறைப்பாக இருப்பதால் சுவர்க் குழாயில் வளைத்து இழுப்பதும் பெரும்பாடு. அதோடு அதன் உலோக உறையை முறையாக எர்த் செய்ய வேண்டும். வீட்டுக்கு உலோக உறையில்லாத சாதாரணக் கேபிள் (யூடிபி) போதும்.

கேட் எண்ணைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது கம்பி எதனால் ஆனது என்பதை. சிசிஏ என்ற பெயரில் விற்பது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. அதே தடிமனுக்கு மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, கொஞ்சம் வளைத்தாலே ஒடியவும் செய்யும். கேட் தரங்கள் செம்பைத்தான் கேட்கின்றன, ஆகவே சிசிஏ கேபிளில் 'கேட் 6' என்று அச்சிட்டிருந்தாலும் அது கேட் 6 ஆகாது. கேமராவுக்கு இதே கேபிள் வழியாக மின்சாரமும் அனுப்பினால் சூடாகும், அது ஆபத்து. கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். 'முழுச் செம்பு' என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், சுவருக்குள் போவது ஒற்றை இழை வகையாக (ஒவ்வொரு கம்பியும் ஒரே இழை) இருக்கட்டும், கம்பியின் தடிமன் 23 அல்லது 24 கேஜ். பல இழை கொண்ட வளையும் கேபிள், சுவர் சாக்கெட்டிலிருந்து கணினிக்குப் போகும் சிறு துண்டுக்கு மட்டும். தட்டையான கேபிளைச் சுவருக்குள் விட வேண்டாம், அதன் கம்பிகள் பெரும்பாலும் மிக மெல்லியவை. மின்சார வயர் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்காதீர்கள். வேகம் கெடும் என்பதைவிடப் பாதுகாப்புதான் முதல் காரணம்.

பழைய கேபிளின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் குழாய் வழியே வந்துவிடும். கூடவே ஒரு நைலான் கயிற்றையும் உள்ளே விட்டுவையுங்கள், அடுத்த முறை கேபிள் இழுக்க அது உதவும். சுவர்ப் பெட்டியை மூடுவதற்கு முன்பே கணினியை இணைத்து, இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.