கேரவன் கழிவுநீர்த் தொட்டி ஒழுகுகிறதா? கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். ஷூட்டிங் கேரவன்களும், குடும்பமாக ஊர் சுற்றுகிறவர்களின் வண்டிகளும் வேலைக்கு வரும். கழிவுநீர்த் தொட்டி பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சேரும் தொட்டியின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மூன்று தடவை எம்சீல் வைத்தும் நாலு நாளில் பட்டையாகப் பெயர்ந்து விடுகிறது. எந்தப் பசை நிற்கும்?

தம்பி, பசையைத் தேடும் முன் தொட்டி என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். பெரும்பாலும் பாலிஎத்திலீனாக இருக்கும், இல்லையென்றால் ஏபிஎஸ். தொட்டி விளிம்பிலிருந்து நகக்கண் அளவு சீவி, சோப்புத் தண்ணீர் உள்ள டம்ளரில் போட்டு விரலால் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன். அடியில் போய் உட்கார்ந்தால் ஏபிஎஸ்.

எம்சீல் பெயர்கிற விதத்தைப் பார்த்தால் உங்களுடையது பாலிஎத்திலீன்தான் என்று தோன்றுகிறது. அது மெழுகு மாதிரி, சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. உருக்கித்தான் இணைக்க வேண்டும். முதலில் விரிசலின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். இதை விட்டுவிட்டால், அடுத்த பள்ளத்தில் வண்டி இறங்கும்போது விரிசல் மேலும் ஓடும். அப்புறம் விரிசல் நெடுக 'வி' வடிவில் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, நன்றாகக் காய விடுங்கள். சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன் சுமார் 300 டிகிரியில் இருக்கட்டும். விரிசலில் உருக்கி நிரப்புகிற குச்சியும் அதே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். சூடு ஏறும்போது குச்சியும் தொட்டியும் வியர்த்த மாதிரி பளபளக்கும். இரண்டும் சேர்ந்து பளபளக்கிற அந்த நொடியில்தான் அழுத்த வேண்டும். குச்சி மட்டும் உருகியிருந்தால், ஆறிய பிறகு நூல் மாதிரி உரிந்து வந்துவிடும்.

பள்ளத்தூரிலிருந்து: என் தொட்டித் துண்டு அடியில் போய்விட்டது. அப்படியென்றால்?

உங்களுக்கு வேலை சுலபம். ஏபிஎஸ்ஸை அசிட்டோன் கரைக்கும். அதே பிளாஸ்டிக் சீவலை அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகிவிடும். முனைத் துளைகளைப் போட்டுவிட்டு, விரிசலில் அந்தக் கூழைத் தடவி, மேலே ஓர் ஏபிஎஸ் தகட்டை ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: விரிசல் எதுவும் தெரியவில்லை, ஆனால் வண்டிக்கடியில் ஈரம் இருந்துகொண்டே இருக்கிறது.

ஆச்சி, பாதி நேரம் குற்றம் தொட்டியில் இருக்காது. குழாய் நுழையும் இடத்து ரப்பர் வளையமோ, திறந்து விடுகிற வால்வின் சீலோ காய்ந்து போயிருக்கும். தொட்டியைக் காலி செய்து வெளிப்புறத்தைத் துடைத்து, சுற்றிலும் கோலமாவைத் தூவச் சொல்லுங்கள். பிறகு சொட்டு நீலம் கலந்த தண்ணீரைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டும். வெள்ளை மாவில் நீலம் முதலில் எங்கே படிகிறதோ, ஒழுகல் அங்கேதான். ரப்பராக இருந்தால் மாற்றிவிட்டால் போதும்.

ஷூட்டிங் வண்டி ஓட்டும் தம்பி: போன வருஷம் ஒட்டிய அதே இடம் மறுபடி விட்டுவிட்டது. ஏன்?

தொட்டியைத் தாங்குகிற பட்டையைப் பாருங்கள். 150 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 150 கிலோ. அந்தக் கனம் பள்ளம் பள்ளமாகக் குதிக்கிறது. பட்டை தளர்ந்திருந்தால் எத்தனை தடவை ஒட்டினாலும் நிற்காது. பட்டையை இறுக்கி, பட்டைக்கும் தொட்டிக்கும் நடுவில் ரப்பர் விரிப்பு வையுங்கள். முடிந்தவரை தொட்டியைக் காலி செய்துவிட்டு நெடுந்தூரம் கிளம்புங்கள்.

காரைக்குடியிலிருந்து: கழிப்பறைத் தொட்டியையும் நாமே சூடு வைத்து ஒட்டலாமா?

கழற்றி, மூன்று நான்கு தடவை அலசி, எல்லா வாயையும் திறந்து வெட்டவெளியில் ஆறப்போட்ட பிறகு மட்டும். உள்ளே தேங்கும் வாயுவில் மீத்தேன் உண்டு, அது தீப்பிடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும், அதனால் நாற்றம் நின்றது என்று நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள்.

அதே நபர்: ஒட்டி முடிக்கும்வரை தண்ணீரை வழியில் எங்காவது திறந்து விட்டால் என்ன?

வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். நம் ஊர்களில் முற்றத்து மழைநீரும் தெரு வாய்க்காலும் ஊருணிக்குப் போகும்படி முன்னோர் அமைத்திருக்கிறார்கள். சாலையோரம் நீங்கள் விடுகிற சோப்பும் எண்ணெயும் அடுத்த மழையில் அங்கேதான் போய்ச் சேரும். சொட்டுகிற இடத்துக்குக் கீழே ஒரு வாளியைக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் செப்டிக் டேங்கில் ஊற்றிவிடலாம்.